முதலில் ஆள், அப்புறம் ஸ்டுடியோ

கேள்வி: எங்களுடையது தென்மாவட்டத்தில் உள்ள அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. மின்பாடம் தயாரிக்கும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ₹5 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒலி புகாத ஸ்டுடியோ ஒன்று கட்டிவிட்டால், 20 ஆசிரியர்களும் ஆளுக்கொரு தாளை இந்தப் பருவத்திலேயே முடித்துவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. போன வருடம் இதே மாதிரி தொடங்கியபோது மூன்று பேர்தான் சில வீடியோக்கள் எடுத்தார்கள். அவற்றையும் மாணவர்கள் அதிகம் பார்க்கவில்லை. பலருடைய குறிப்புகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது? செய்து முடித்த பாடம் யாருக்குச் சொந்தம்? இதனால் எங்களுக்கு என்ன பயன் என்று ஆசிரியர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு வணக்கம்.

போன வருடம் எடுக்காமல் விட்ட பதினேழு பேரிடமும் ஒரு தடவை தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். “ஸ்டுடியோ இல்லை” என்று ஒருவர் சொன்னாலே அதிகம். வகுப்பு முடிந்தால் விடைத்தாள், அது முடிந்தால் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) வேலை, நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். எடிட் செய்யத் தெரியாது என்பார்கள். ஒரு தாள் முழுவதிலும் எந்தப் பகுதியை எடுப்பது, எப்படிப் பிரிப்பது என்று புரியவில்லை என்பார்கள். உங்கள் ₹5 லட்சம் இந்த மூன்று குறைகளுக்குத்தான் போக வேண்டும்.

நிர்வாகத்திடம் பேசும் முன் ஒரு கணக்குப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளுக்கு 5 அலகு. அலகுக்கு 4 சிறு வீடியோ என்று வைத்தால் தாளுக்கு 20. இருபது தாளுக்கு 400. பருவத்தில் 90 வேலை நாள் என்றால், தினமும் நான்குக்கு மேல் முடிய வேண்டும். 6 நிமிட வீடியோ ஒன்றுக்குப் புதிதாகச் செய்யும் ஆசிரியரின் உழைப்பு இப்படிப் போகும்: எழுதுவதற்கு 2 முதல் 3 மணி நேரம், படமும் எழுத்தும் தயாரிக்க 2 மணி, பதிவுக்கு 1 மணி, எடிட் ஆனதைப் பார்த்துத் திருத்தம் சொல்ல 1 மணி, கேள்விகள் எழுத 1 மணிக்கு மேல். ஏறத்தாழ ஒரு முழு வேலைநாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரத்துக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. அதற்கு மேல் இதையும் சுமத்தினால், வகுப்பறையில் ஒரு ஃபோனை நிறுத்தி வைத்து 50 நிமிடம் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் பார்க்காமல் விட்டதும் பெரும்பாலும் அந்த மாதிரி வீடியோவாகத்தான் இருக்கும்.

இதற்குச் சான்று உண்டு. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நான்கு பாடங்களின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மாணவர்கள் அதிகபட்சமாக நிலைத்துப் பார்ப்பது 6 நிமிட அளவுதான் என்று அதில் தெரிந்தது. வகுப்பு உரையை எடுத்துத் துண்டு போட்டவற்றைவிட, வீடியோவுக்கென்றே திட்டமிட்டுச் செய்தவை அதிகம் பார்க்கப்பட்டன. கையால் எழுதிக்கொண்டே விளக்கியவை வெறும் ஸ்லைடுகளைவிட நன்றாக எடுபட்டன. மேசையருகே உட்கார்ந்து நேராகப் பேசியவை, பெரிய செலவில் ஸ்டுடியோவில் எடுத்தவற்றைவிட அதிகம் பிடித்து வைத்தன. நிர்வாகத்திடம் இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்லுங்கள். நாக் ஆவணத்தில் ஊடக மையம், வகுப்புப் பதிவு வசதி பற்றிக் கேட்கிறார்கள் என்பதால்தான் பல இடங்களில் சுவரில் இருந்து தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு சிறிய பதிவு அறையும், அதில் தொடர்ந்து வேலை நடந்ததைக் காட்டும் பதிவேடும் பூட்டிக் கிடக்கும் ஸ்டுடியோவைவிட நல்ல பதில்.

ஆகவே இந்தப் பருவத்தில் நான்கு ஆசிரியர்கள், ஆளுக்கு ஓர் அலகு மட்டும். அவர்களுக்கு வாரத்தில் 2 மணி நேர வகுப்பைக் குறைத்து, அதைக் கால அட்டவணையிலேயே “மின்பாடம்” என்று அச்சிடச் சொல்லுங்கள். 15 வாரத்துக்கு 30 மணி. நான்கு வீடியோ உள்ள ஓர் அலகுக்கு இது கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். வாய்மொழியாகக் கொடுத்த நேரம் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்ததும் காணாமல் போய்விடும், அச்சில் இருந்தால் நிற்கும்.

நான்கு பேரைத் துறைக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரு பக்க விண்ணப்பம் வாங்குங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் தாளில் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறு செய்யும் இடம் எது, என்ன தவறு செய்கிறார்கள்? இதற்குத் துல்லியமாகப் பதில் எழுதுகிறவரிடம் நல்ல மின்பாடம் ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறது. “முழுத் தாளையும் டிஜிட்டல் ஆக்க விரும்புகிறேன்” என்று எழுதுகிறவர் அடுத்த பருவம் வரை காத்திருக்கலாம்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். ஒரு மின்பாட உதவியாளர், மாதம் ₹20,000 வீதம் 12 மாதத்துக்கு ₹2,40,000. கருவிகளுக்கு ₹1,20,000. பிற கல்லூரிப் பாட வல்லுநர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கான மதிப்பூதியம் ₹60,000. தட்டச்சு, வசன வரி, எழுத்துரு மாற்றம் ஆகியவற்றைச் செய்யும் முதுகலை மாணவர்களுக்கு ₹50,000. ஹார்டு டிஸ்க், காப்புப்பிரதி, தள இடம் ₹30,000. மொத்தம் ₹5 லட்சம்.

இதில் உதவியாளர்தான் முக்கியம். காட்சித் தொடர்பியல் படித்தவரைத் தேடுவது இயல்பு. ஆனால் கேமரா கோணம் தெரிந்தவரைவிட, ஆசிரியரிடம் “சார், இந்த இடம் எனக்குப் புரியலை, மறுபடி சொல்லுங்க” என்று தயங்காமல் கேட்கக்கூடியவர்தான் உங்களுக்கு வேண்டும். திரையைப் பதியும் ஓபிஎஸ், ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி, ஒரு வீடியோ எடிட்டர், பாடங்களை மாணவர்களுக்குக் கொடுக்கும் மூடில் தளம் ஆகியவற்றை ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியும். அந்தக் குணத்தைக் கற்றுக்கொடுப்பது கடினம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, தெரியாத பாடத்தில் இரண்டு பக்கக் குறிப்பைக் கொடுத்து, அதில் ஐந்து கேள்வி எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதும் கேள்விகளில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இனி ஓர் அலகு எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். வணிகவியலில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை, அதாவது நம் ரொக்க ஏட்டுக்கும் வங்கி அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் பெரும்பாலும் “எழுதிக் கொடுத்த காசோலை வங்கிக்கு வரவில்லை என்றால் கூட்டு” என்று ஒரு விதி மனப்பாடமாகப் போகும். ரொக்க ஏட்டு இருப்பில் தொடங்கினால் அது சரி. வங்கி அறிக்கையின் இருப்பில் தொடங்கினால் கழிக்க வேண்டும். வங்கி அறிக்கை மேல்வரைப்பற்றில் (கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்த நிலையில்) இருந்தால் மறுபடியும் கூட்ட வேண்டும். மாணவர் சறுக்குவது இங்கேதான்.

வங்கி அறிக்கைப்படி மேல்வரைப்பற்று ₹5,000, வங்கிக்கு வராத காசோலை ₹2,000, ரொக்க ஏட்டின்படி என்ன என்று கேட்டால் பலர் ₹3,000 என்பார்கள். ரொக்க ஏட்டில் அந்தக் காசோலையை எழுதிய அன்றே பணம் போனதாகப் பதிவு செய்துவிட்டோம். ஆகவே ஏட்டில் பள்ளம் வங்கியில் உள்ளதைவிட ₹2,000 ஆழமாக இருக்கும். விடை ₹7,000 மேல்வரைப்பற்று.

முதல் வீடியோ இந்த ஒரு கணக்கு மட்டும்தான். முகவுரை, அலகின் தலைப்புகள், ஆசிரியரின் பட்டங்கள் எதுவும் வேண்டாம். முதல் 20 விநாடியிலேயே கேள்வியைப் போட்டு, “நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும். பிறகு பேனா டேப்லெட்டில் ஓர் எண்கோடு வரைந்து, பூஜ்ஜியத்துக்குக் கீழே ₹5,000, அதற்கும் கீழே ₹7,000 என்று இறங்கிக் காட்டலாம். இரண்டாவது வீடியோவில் நான்கு தொடக்க நிலைகளையும் (ரொக்க ஏட்டில் இருப்பு அல்லது மேல்வரைப்பற்று, வங்கி அறிக்கையில் இருப்பு அல்லது மேல்வரைப்பற்று) ஒரே காசோலையை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். மூன்றாவதில் வங்கி நேரடியாக எடுத்த கட்டணம், வரவு வைத்த வட்டி. நான்காவதில் ஒரு முழுத் தேர்வுக் கணக்கு.

கேள்விகளில் ₹3,000 என்ற தவறான விடையைத் தெரிந்தே வையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு “தவறு” என்று மட்டும் வந்தால் பயனில்லை. “தொடக்கத் தொகையை இருப்பாக எடுத்துக் கழித்திருக்கிறீர்கள். அது மேல்வரைப்பற்று. எண்கோட்டில் ₹5,000 எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்” என்று வர வேண்டும். எந்தத் தவறு வரும், ஏன் வரும் என்பது இருபது வருடம் விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்கு மட்டும் தெரிந்த செல்வம். இணையத்தில் எத்தனை வீடியோ கிடந்தாலும் உங்கள் மாணவர் செய்யும் தவறுக்கு அங்கே பதில் இருக்காது. மின்பாடத்துக்காக ஆசிரியரின் நேரத்தைக் கேட்பதற்கு உண்மையான நியாயம் இதுதான்.

மூடிலில் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதைவிட உரைக்கோப்பாக ஏற்றுவது எளிது. ஐக்கன் (Aiken) வடிவம் எழுத எளிமையானது, ஆனால் தவறான விடைக்கான விளக்கத்தை அதில் வைக்க முடியாது. கிஃப்ட் (GIFT) வடிவத்தில் முடியும், அதையே பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பைத் தவறான குறியாக்கத்தில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவு அறைக்கு வருவோம். காலியான வகுப்பறை மிக மோசமான இடம். நான்கு வெற்றுச் சுவரிலும் குரல் மோதித் திரும்பும், அந்த எதிரொலியை எந்த மென்பொருளாலும் சரியாக நீக்க முடியாது. நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டால், அடுக்குகளே எதிரொலியை விழுங்கிவிடும். தனி அறைதான் வேண்டுமென்றால் சிறிய அறை, கனத்த திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம். மின்விசிறியையும் ஏசியையும் பதிவு நேரத்தில் நிறுத்த வேண்டும். அதனால் காலை 7 மணி முதல் 9 மணி வரை வைத்துக்கொள்ளுங்கள். வெக்கையும் இருக்காது, மணியும் அடிக்காது.

காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்த வேண்டும். சேலைத் தலைப்பு, சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு உரசினால் ஒவ்வோர் அசைவுக்கும் சரசரவென்று கேட்கும். அடையாள அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், பலர் மறப்பது அது. ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பூஜ்ஜியத்தைத் தொட்டால் குரல் கிழியும், பிறகு சரிசெய்ய வழியில்லை. பேசத் தொடங்கும் முன் 10 விநாடி சும்மா இருந்து அறையின் அமைதியைப் பதிந்துகொண்டால், இரைச்சல் நீக்கும்போது அதை மாதிரியாகக் கொடுக்கலாம். முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து, இயர்ஃபோனில் கேட்ட பிறகுதான் தொடர வேண்டும். மைக்கின் பேட்டரி போனது தெரியாமல் 40 நிமிடம் பேசி முடித்தவரை மறுபடி உட்கார வைப்பது எளிதல்ல.

கேமராவை நொடிக்கு 25 சட்டகத்திலும், ஷட்டரை 1/50-லும் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபோனில் வழக்கமாக இருக்கும் 30 சட்டகத்தில் எடுத்தால் சில விளக்கு வெளிச்சத்தில் திரை முழுவதும் பட்டை பட்டையாக ஓடும். ஆசிரியர் முகம் தொடக்கத்திலும் முடிவிலும் தெரிந்தால் போதும்.

பார்த்து வாசிக்கும் உரை வேண்டுமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுதியே தீர வேண்டும், ஆனால் பேசும் தமிழில். “ஆகவே மேற்கண்டவற்றிலிருந்து நாம் அறிவது” என்று எழுதியிருந்தால் வாசிக்கும் குரல் செத்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எனவே நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் என்று வைத்தால் 6 நிமிடத்துக்கு 500, 600 சொல். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிற மாணவர்களுக்குக் கேள்வித்தாளில் வரும் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் முதல் முறை சேர்த்துத் திரையில் காட்டிவிட்டு, விளக்கத்தைத் தமிழிலேயே கொண்டுபோகலாம். அந்த உரையே பிறகு வசன வரியாகும், பாடக் குறிப்பாகும், கேள்விகளுக்கு அடிப்படையாகும். ஒரு தடவை எழுதுவது நான்கு இடத்தில் உதவுகிறது.

ஸ்லைடில் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக்கூடாது. கணினித் திரையில் நன்றாகத் தெரிவது, பேருந்தில் ஃபோனில் பார்க்கும் மாணவருக்குத் தெரியாது. முடித்ததை உங்கள் ஃபோனில் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், படிக்க முடியவில்லை என்றால் சொற்களைக் குறையுங்கள். கோப்பின் அளவும் முக்கியம். வீடியோவின் அளவைக் குறைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 720பி, தர எண் 23 அல்லது 24 என்று வைத்தால், எழுத்தும் கோடும் உள்ள 6 நிமிட வீடியோ பெரும்பாலும் 30 முதல் 45 எம்.பி.க்குள் அடங்கும். மாணவரின் அன்றாட டேட்டாவில் அது ஒரு பாரமாக இருக்காது.

எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சோர்ந்து போகும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவர் என்விடிஏ திரைவாசிப்பானில் கேட்டால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உளறும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு, அப்படி ஒரு கோப்பைப் பாடமென்று கொடுப்பது நியாயமே இல்லை. பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தாலும் அதே நிலைதான். எல்லாம் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற வேண்டும்.

மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பாமினியும் வானவில்லும் வேறு வேறு குறியீடு, எழுத்துருப் பெயரைப் பார்த்துத்தான் மாற்றியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக் கோப்பையும் அள்ளிப் போட்டால் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் பொருளற்ற தமிழாகிவிடும். வேர்டில் ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் நின்று, ஒரே வடிவமைப்புள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்தித் தமிழ்ப் பகுதி எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பத்திகளை மட்டும் மாற்றிக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

மாற்றிய பிறகு மூன்று பிழையைத் தேட வேண்டும். ஒன்று, ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்தது: “அவா்கள்”. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. துணைக்காலுக்குப் பின் புள்ளி தமிழில் எங்கும் வராது, ஆகவே மொத்தமாக மாற்றிவிடலாம். இரண்டு, ‘ரி’க்குப் பதில் துணைக்காலும் கொக்கியும்: “மாதிாி”. இதையும் மொத்தமாக மாற்றலாம். மூன்றாவது “கௌரவம்” என்பது “கெளரவம்” ஆவது. இதை மட்டும் மொத்தமாக மாற்றாதீர்கள். ஒற்றைக்கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று கட்டளை கொடுத்தால் வெள்ளமும் தெளிவும் வெளியும் சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இந்த வேலைக்குத் தமிழ் முதுகலை மாணவர்களை வையுங்கள், கூலி கொடுத்து வையுங்கள். பயிற்சி என்ற பெயரில் இலவசமாக வாங்கிக்கொள்வது சரியில்லை.

முடித்த அலகை எல்லாருக்கும் திறப்பதற்கு முன் ஐந்து மாணவர்களிடம் கொடுங்கள், அதில் இரண்டு பேராவது போன பருவத்தில் அந்தத் தாளில் தவறியவர்களாக இருக்கட்டும். உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் பின்னுக்கு இழுத்தார்கள், எங்கே ஓட்டினார்கள் என்று மட்டும் குறிக்கட்டும். “நல்லா இருக்கா?” என்று ஆசிரியரே கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(சி)-ன்படி வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆசிரியரின் விரிவுரை இதில் எந்த அளவுக்கு வரும் என்று வாதிட இடமுண்டு. அதனால்தான் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். ஆசிரியர் பெயர் எப்போதும் பாடத்தில் இருக்கும். கல்லூரி தன் மாணவர்களுக்குப் பயன்படுத்தலாம், விற்கக்கூடாது. ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு பிரதியை எடுத்துச் சென்று அங்கே பயன்படுத்தலாம். பாடத்திட்டம் மாறினால் திருத்தும் முதல் உரிமை அவருக்கு. பிழையாகிப் போன வீடியோவை எடுத்துவிடச் சொன்னால் கல்லூரி எடுத்துவிடும். இந்த ஐந்தும் இருந்தால், “என்னை வீடியோவில் எடுத்து வைத்துக்கொண்டு என் இடத்தைக் காலி பண்ணிவிடுவார்களோ” என்ற அச்சம் பெருமளவு அடங்கும். அந்த அச்சத்தை ஆசிரியர்கள் வெளியே சொல்வதில்லை. தாமதம் பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

பிறருடைய படம், பக்கம் ஆகியவற்றைப் பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் எடுத்தாள்வதை அதே சட்டத்தின் பிரிவு 52(1)(ஐ) அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நகல் தொகுப்பு வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஆசிரியர்களுக்குச் சாதகமாகவே விளக்கியது. ஆனால் பெயர் பதிந்த மாணவர்களுக்கு மூடிலில் கடவுச்சொல்லுக்குள் கொடுப்பது வேறு, உலகமே பார்க்கும் யூடியூபில் போடுவது வேறு. பொதுவெளிக்குப் போகும் எதிலும் நீங்களே வரைந்த படம், அல்லது விக்கிமீடியா காமன்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படம் மட்டும் இருக்கட்டும். படத்தின் பெயர், உருவாக்கியவர், கிடைத்த இடம், உரிமம் நான்கையும் அதன் கீழேயே போடுங்கள். ஏற்கெனவே என்பிடெல், ஸ்வயம் ஆகிய இணையவழிப் பாடத் தளங்களில் நன்றாகச் செய்யப்பட்டிருப்பதை மறுபடி எடுக்க வேண்டாம், சுட்டி கொடுத்துவிட்டு உங்கள் கேள்விகளை மட்டும் சேருங்கள்.

கணக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. யூடியூப் அலைவரிசையை எந்த ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலிலும் தொடங்கக் கூடாது. அவர் ஓய்வு பெறும்போது அத்தனை பாடமும் அவரோடு போய்விடும். கல்லூரியின் பதவி மின்னஞ்சல், இரண்டு பேரிடம் கடவுச்சொல். எடிட் ஆன வீடியோவோடு மூல ஒலி, ஸ்லைடு, உரை மூன்றையும் பாடக்குறியீடு, அலகு எண், துண்டு எண், தேதி என்ற வரிசையில் பெயரிட்டு இரண்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். அடுத்த வருடம் ஒரு வரி விகிதம் மாறினால் ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிந்து ஒட்டலாம், மூலம் இல்லாவிட்டால் முழுவதையும் எடுக்க வேண்டும்.

பயிற்சி, ஆலோசனை ஆகியவற்றுக்கு நீங்கள் தனியாக இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் கல்வி ஊடக ஆய்வு மையங்கள் இருக்கின்றன. சென்னை தரமணியில் தேசிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ் ஒலியுடனேயே மென்பொருள் பாடங்கள் கிடைக்கின்றன. உதவியாளரின் முதல் மாதத்துக்கு அது நல்ல துணை.

பயன் என்ன என்று கேட்கிற ஆசிரியருக்கு நேராகவே பதில் சொல்லலாம். மானியக் குழுவின் 2018 விதிமுறையில் கல்வி, ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் மின்பாடத்துக்கு இடமிருக்கிறது. நான்கு கூறுகளிலும் அமைந்த முழுத் தாளுக்கு 12, ஒரு பகுதிக்கு 5, குறைந்தது ஒரு கூறில் பங்களித்தால் பகுதிக்கு 2. நான்கு கூறு என்பது வீடியோ, எழுத்துப் பாடம், கலந்துரையாடல் பக்கம், மதிப்பீடு. வீடியோ மட்டும் எடுத்து நிறுத்தியவர்கள் முழுப் பகுதிக்கான மதிப்பெண்ணைக் கேட்க முடியாமல் போவது இதனால்தான். மேலே சொன்ன வணிகவியல் அலகில் நான்கும் வந்துவிடும், கலந்துரையாடல் பக்கத்தை மட்டும் திறந்து வாரம் ஒரு தடவை ஆசிரியர் பதில் எழுத வேண்டும்.

இதற்கு ஆவணம் தேவை. பருவம் தொடங்கும் முன்பே முதல்வர் கையெழுத்திட்ட ஆணை ஒவ்வொருவருக்கும் போக வேண்டும். தாளின் பெயரும் குறியீடும், அலகு, எந்தக் கூறு யாருடையது, வாரத்தில் குறைத்த மணி நேரம், தொடக்க நாள், முடிக்கும் நாள். முடிந்ததும் பாடத்திட்டக் குழுவில் வைத்து ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகலையும், மூடிலில் பாடம் இருக்கும் முகவரியையும் அதோடு சேர்த்து ஆசிரியரின் கோப்பில் வையுங்கள். மூன்று வருடம் கழித்துப் பதவி உயர்வு நேர்காணலில் “எப்போது செய்தீர்கள், உங்கள் பங்கு என்ன” என்று கேட்கும்போது அந்த இரண்டு தாளும் அவர் கையில் இருக்க வேண்டும்.